தை மாதக் கப்பல்

பள்ளியில் சேர்க்க வரும் குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிட்டதா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். விரல் காதைத் தொட்டால் வயது வந்துவிட்டது. எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு. பிறந்த தேதியை எழுதி வைத்திருக்கும் வீடுகள் குறைவு என்பதால் ஏற்பட்ட வழக்கம் இது. "பெரிய மழ பேஞ்சிச்சே, அதுக்கு முந்துன வருஷம்" என்பார்கள். நாங்கள் காதைப் பார்த்துவிட்டு ஜூன் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியைப் போடுவோம். கடலூர் முதுநகரில் ஒரு சிறிய ஆரம்பப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் இதைச் செய்துவருகிறேன். இப்போது அங்கே தலைமையாசிரியை.

இந்த ஆண்டு சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் என் மகளின் பெண்ணை அப்படித் தொடச் சொன்னார்கள். அவளுக்கு அப்போது ஐந்து முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வயதுக்கு மீறிய உயரம். ஆனால் வலது கை தோள் மட்டத்துக்கு மேல் எழாது. "எட்டலையே, அடுத்த வருஷம் கூட்டியாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். விளக்கிச் சொல்வதற்குள் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று மகள் சொன்னாள்.

அந்தக் கை ஏன் எழவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். அதில் தூரத்து நாடு ஒன்றின் அரசாங்கம் வருகிறது. அதை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிய இன்னொரு நாடு வருகிறது. நானும் வருகிறேன்.

அறுபத்திரண்டு வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் செய்தோம். மாப்பிள்ளைக்குச் சிதம்பரம். தெற்கு வீதியில் அவர்களுக்குப் பாத்திரக் கடை. அதை அவருடைய அண்ணன் பார்த்துக்கொள்கிறார். மாப்பிள்ளை, வியட்நாமில் சைகோன் நகரில், நம் ஊர்க்காரர் ஒருவரின் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். அவருடைய அப்பாவும் அந்தக் கடைத் தெருவில் இருந்தவர்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை மகளையும் அங்கே கூட்டிப்போனார். புதுச்சேரி, காரைக்கால், பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் சைகோன் என்றால் யாரும் வியப்பதில்லை. பக்கத்துத் தெருவைச் சொல்வது போலச் சொல்வார்கள். எனக்கு மட்டும் வகுப்பில் தொங்கும் உலகப் படத்தில் விரலால் அளந்து பார்க்கத் தோன்றியது. இரண்டு விரற்கடை நீலம்.

அந்த நீலத்தைப் பற்றி எனக்குப் பயம் உண்டு. என் கணவர் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். புயல் வருகிறது என்றால் கொடிமரத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். எத்தனையாம் எண் கூண்டு என்பது எங்கள் வீட்டில்தான் முதலில் தெரியும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் எங்கள் வீட்டுப் பேச்சு காற்றைப் பற்றித்தான். எங்கள் பள்ளியில் பாதிக் குழந்தைகள் மீனவர் வீட்டுக் குழந்தைகள். யாராவது ஒரு குழந்தையின் அப்பா திரும்பி வராத கார்த்திகைகளை நான் பார்த்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டைத் திறந்து அந்தப் பெயரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று தயங்கிய காலைகள் உண்டு.

அறுபத்து மூன்று கோடையில் சைகோன் பற்றிய செய்திகள் பத்திரிகையில் அடிக்கடி வரத் தொடங்கின. அந்த நாட்டு அதிபருக்கும் பௌத்தத் துறவிகளுக்கும் தகராறு. ஒரு துறவி நடுத்தெருவில் தீக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்த படம் வந்தது. அந்தப் பக்கத்தை மடித்து, பரணில் பழைய பாத்திரத்துக்கு அடியில் வைத்தேன். எதற்காக வைத்தேன் என்று தெரியவில்லை. அந்த அதிபர் ஒழிய வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். உலகத்தில் பாதிப் பேர் அப்போது அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆவணியில் மாப்பிள்ளையின் கடிதம் வந்தது. மகள் உண்டாகியிருக்கிறாள். ஊரில் ராணுவச் சட்டம். தலைப்பிரசவத்துக்கு எப்படியும் அம்மா வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்பதால் சற்று முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். கார்த்திகையில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கொழும்புக்குப் போகிறது. கொழும்பிலிருந்து தலைமன்னார், அங்கிருந்து தனுஷ்கோடி, பிறகு ரயில். பரங்கிப்பேட்டைக்கார அம்மா ஒருவர் அதே கப்பலில் ஊர் திரும்புகிறார். துணைக்கு அவர் இருப்பார். நாட்டை விட்டுப் போவதற்கு அங்கே அரசாங்க அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு அலைந்து முத்திரை வாங்கிவிட்டதாகப் புரட்டாசியில் இன்னொரு கடிதம் வந்தது. எல்லாம் தயாராக இருந்தது.

ஐப்பசித் தொடக்கத்தில் எங்கள் கரையில் ஒரு புயல் கடந்தது. பள்ளியின் ஓட்டுக் கூரையில் ஒரு பக்கம் போயிற்று. வீட்டில் தண்ணீர் வரவில்லை, காற்று மட்டும்தான். ஆனால் அந்தச் சத்தம் இறங்கிய பிறகும் என் காதில் இருந்தது. மகள் கார்த்திகையில் கடல்மேல் இருப்பாள் என்பதை நான் அந்தச் சத்தத்தோடு சேர்த்துத்தான் நினைக்க முடிந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு காலையில், கணவர் பத்திரிகையைக் கொண்டுவந்து போட்டார். சைகோனில் தளபதிகள் ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள். அதிபர் கொல்லப்பட்டார். மறுநாள் படங்கள் வந்தன. பீரங்கி வண்டிமேல் நின்ற சிப்பாய்களுக்குப் பெண்கள் பூ கொடுக்கிறார்கள். ஜனங்கள் சிரிக்கிறார்கள். அமெரிக்கா புதிய ஆட்சியை ஆதரிக்கப் போகிறது என்றும் கீழே போட்டிருந்தது.

"பீடை ஒழிஞ்சிது" என்றேன்.

"யாருக்கு?" என்றார் கணவர். அவர் காலை நேரத்தில் அதிகம் பேச மாட்டார்.

"அந்த ஊருக்குத்தான். இனிமே அமெரிக்காக்காரன் பாத்துப்பான்."

"ஓ, ஒனக்கு எழுதிப் போட்டுட்டானா?"

அவர் கிண்டல் செய்ததில் காரணம் இருந்தது. என் பள்ளிக்கு அமெரிக்காவிலிருந்து பால் பவுடர் வந்துகொண்டிருந்தது. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் போட்ட மூட்டைகள், டின்கள். காலை இடைவேளையில் அண்டாவில் வெந்நீர் வைத்துக் கட்டி தட்டாமல் கரைத்து, வரிசையாக ஊற்றுவது என் பொறுப்பு. எலும்பு தெரிய வந்த குழந்தைகள் ஒரு வருஷத்தில் தேறுவதை நான் கண்ணால் பார்த்தவள். அதனால் அந்த நாட்டின்மேல் எனக்கு ஒரு நம்பிக்கை. பவுடரை அனுப்புகிறவர்களும் ஆட்சியை மாற்றுகிறவர்களும் ஒரே ஆட்கள்தானா என்று நான் யோசித்ததில்லை.

அன்று மாலை மாப்பிள்ளைக்கு வான் கடிதம் எழுதினேன். பெரியவர்கள் மாப்பிள்ளைக்கு எழுதுவதுதான் வழக்கம். மகளுக்கு என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்போம். நான் எழுதியது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. நாட்டைப் பிடித்த பீடை விலகிவிட்டது, பெரிய நாடு துணை நிற்கிறது, இனி நிலைபெறும். அவசரமாக அனுப்ப வேண்டிய காரணம் போய்விட்டது. இங்கே இப்போதுதான் ஒரு புயல் அடித்து ஓய்ந்தது, கார்த்திகைக் கடலை நம்ப முடியாது. தை பிறக்கட்டும். தையில் கடல் தெளிந்துவிடும். அவளுக்கும் அப்போது ஏழாம் மாதம், வளைகாப்புக்கும் சரியாக இருக்கும். கடைசி வரி: உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ என்ன நினைக்கிறாய் என்று அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அப்போது தோன்றவும் இல்லை.

கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகு, சம்பந்தியம்மாவிடம் சொல்லாமல் இருப்பது முறையல்ல என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கணவர் இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டில் எந்தச் சாமானை எடுத்தாலும் கடையில் விற்காமல் நின்றுபோனதாக இருக்கும். நசுங்கிய ஒரு சொம்பில் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எழுதிட்டீங்களா, எழுதப் போறீங்களா?"

"எழுதிட்டேன்."

"அப்ப என்னத்துக்கு பஸ்ஸு சார்ஜு? ஒரு கார்டு போட்டிருந்தா போதுமே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு, "டீச்சரம்மா, நா படிக்காதவ. ஆனா பசங்களோட அப்பா அங்க இருந்தப்ப ஜப்பான்காரன் வந்தான், போனான். வெள்ளக்காரன் திரும்பி வந்தான். அவரு சொல்லுவாரு, மேல ஆளு மாறுனா கீழ இருக்கிற பியூன் வரைக்கும் மாறுவானாம். முன்ன வாங்குன சீட்ட மூஞ்சில தூக்கி அடிப்பானாம்."

"இப்ப அப்படி இல்லீங்க. அமெரிக்காக்காரங்க கூட இருக்காங்க. படத்துல ஜனங்க பூ குடுக்குறாங்க."

"மொத நாளு பூ குடுக்கத்தான் குடுப்பாங்க." காலிச் சொம்பை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "பொயலு அடிச்சா நாலு நாளு. ராஜாங்கம் மாறுனா எத்தினி நாளுன்னு எந்தக் கூண்டுல ஏத்துவாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டைச் சுட்டிப் பேசியதாக நினைத்தேன். "உங்களுக்குக் கடல் தெரியாதுங்க, நாங்க அதுல வாழுறவங்க" என்றேன். அவர் அதற்குமேல் வாதாடவில்லை. பெண்ணைப் பெற்றவள் சொல்கிறாள், தலைப்பிரசவம் அவர்கள் பொறுப்பு என்று விட்டுவிட்டார். பஸ் ஏற்றிவிட வந்தவர் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார்.

கார்த்திகை கடைசியில், தீபம் முடிந்த வாரத்தில், பரங்கிப்பேட்டைக்கார அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊர் வந்து மூன்றாம் நாள். மகள் கொடுத்தனுப்பிய பட்டுத் துணியும் ஒரு பிஸ்கட் டின்னும் கொண்டுவந்திருந்தார். அறிமுகம் செய்துகொண்டு உட்கார்ந்தார். நான் முதலில் கேட்டது கடலைப் பற்றி.

"கடலா? தாம்பாளத்துல தண்ணி வச்ச மாதிரி கெடந்துச்சு. பத்து நாளும் எனக்குத் தலவலிகூட இல்ல." பிறகு என்னைப் பார்த்து, "உங்க மவளும் பொட்டி கட்டி வச்சிருந்திச்சு. உங்க லெட்டர் வந்திச்சா, பொட்டிய அவுத்திருச்சு" என்றார்.

"அழுதாளா?"

"அழுவல. ஊறுகா பாட்டில வெளிய எடுத்து மறுபடி அலமாரியில வச்சிச்சு. அம்மா சொன்னா சரியா இருக்கும்னுச்சு."

அவர் போன பிறகு டின்னைத் திறக்காமல் வெகுநேரம் வைத்திருந்தேன். இருந்தாலும் நான் அப்போது பயப்படவில்லை. தைக்கு இன்னும் ஒரு மாதம்தானே என்று இருந்தேன். கண்ணாடி வளையல் சிவப்பிலும் பச்சையிலும் வாங்கினேன். திருப்பாதிரிப்புலியூர்க் கடையில் அவள் கை அளவு தெரியாமல் என் கையில் போட்டுப் பார்த்து ஒரு சுற்று சிறியதாக எடுத்தேன்.

மார்கழியில் வந்த கடிதத்தில்தான் முதல் தடங்கல். அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்ட அதிகாரி பழைய அதிபரின் ஆள் என்று சிறையில் இருக்கிறார். அவர் போட்டது செல்லாது. ஒரு மனிதரைத்தான் மேலேயிருந்து எடுத்தார்கள், ஆனால் ஒவ்வோர் அலுவலகத்திலும் அவருடைய ஆட்கள் இருந்தார்கள், அவர்களையும் எடுத்தாயிற்று, இப்போது முத்திரை எந்த மேசையில் இருக்கிறது என்று அந்த அலுவலகத்துக்கே தெரியவில்லை என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். அவர் கடிதத்தில் வருத்தம் இருக்காது. கணக்கு எழுதுகிறவர். எத்தனை முறை போனேன், யாரைப் பார்த்தேன் என்றுதான் இருக்கும்.

தை பிறந்தது. கடல் நான் சொன்னபடியே தெளிந்தது. புதிய முத்திரை கிடைத்துவிட்டது, தை இருபது தேதிக்குப் பக்கத்தில் கப்பல் என்று கடிதம் வந்தது. வளைகாப்புக்கு நாள் பார்த்தோம். சம்பந்தியம்மா ஐந்து வகைச் சாதத்துக்கு வேண்டிய பெரிய அடுக்குகளைக் கடையிலிருந்து பஸ்ஸில் அனுப்பிவைத்தார்.

தை நடுவில் பத்திரிகையில் மறுபடி பீரங்கி வண்டிப் படம் வந்தது. முதலில் பழைய படத்தைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆட்சியைப் பிடித்த தளபதிகளை இன்னொரு தளபதி பிடித்துவிட்டார். இந்தப் படத்தில் பூ இல்லை.

முத்திரை மறுபடி செல்லாமல் போயிற்று. கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்குள் அவளுக்கு எட்டு மாதம் தாண்டிவிட்டது. ஏற்ற மாட்டோம் என்றார்கள். விமானத்தில் அனுப்ப மாப்பிள்ளை கடை முதலாளியிடம் முன்பணம் கேட்டிருக்கிறார். முதலாளி தன் குடும்பத்தையே அனுப்ப முடியாமல் நின்றுகொண்டிருந்தார். அடுக்குகளைச் சம்பந்தியம்மாவுக்குத் திருப்பி அனுப்பினேன். வளையல்களைப் பரணில் வைக்கப் போனபோது அந்தப் பழைய பத்திரிகைத் தாள் கையில் பட்டது. அதையும் வளையலையும் ஒன்றாக வைக்க மனம் வரவில்லை. தாளை எடுத்து அடுப்பில் போட்டேன்.

பங்குனியில் தந்தி வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் இருந்தேன். பிறகு கடிதம் வந்தது.

அந்த வாரம் ஊரில் ஊரடங்கு. பொழுது சாய்ந்தால் தெருவில் யாரும் நடக்கக் கூடாது. வலி பொழுது சாய்ந்த பிறகு எடுத்தது. மருத்துவமனை ஒரு மைல் தூரம். மாப்பிள்ளை தெருமுனை வரை போயிருக்கிறார். சிப்பாய் துப்பாக்கியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டான். கீழ்வீட்டில் சூப்புக் கடை வைத்திருந்த அந்த ஊர் அம்மாள் வந்தார். அவருக்கு ஆறு பிள்ளைகள், அதுதான் அவருடைய படிப்பு. தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. அவர் இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இழுத்திராவிட்டால் இரண்டு பேரும் இல்லை என்று மறுநாள் டாக்டர் சொன்னாராம். இழுத்ததில் கழுத்துப் பக்கத்து நரம்பு அறுந்துவிட்டது. குழந்தை இடது கையை ஆட்டுகிறாள், வலது கையை ஆட்டவில்லை, கொஞ்ச நாளில் சரியாகலாம் என்கிறார்கள் என்று எழுதி, வழக்கம்போல நலம் நலமறிய ஆவல் என்று முடித்திருந்தார்.

அந்தச் சூப்புக் கடை அம்மாளை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். அவர் தன் வீட்டை விட்டு மேலே ஏறி வந்தார். கூப்பிட்டார்கள், வந்தார். கண் முன்னால் இருந்ததைப் பார்த்துச் செய்தார். நானோ யாரும் கூப்பிடாமலே, எதையும் பார்க்காமல், இரண்டு விரற்கடை நீலத்துக்கு அப்பாலிருந்து செய்தேன்.

ஆடியில், ஒருவழியாக முத்திரை கிடைத்து, மகள் குழந்தையோடு வந்தாள். சிதம்பரம் ஸ்டேஷனுக்கு நானும் சம்பந்தியம்மாவும் போயிருந்தோம். வண்டியிலிருந்து இறங்கியவள் குழந்தையை மாமியாரிடம்தான் முதலில் கொடுத்தாள். அது முறைதான். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். சம்பந்தியம்மா துணியை விலக்கிக் கையைப் பார்த்தார், திரும்ப மூடினார். நான் எழுதிய கடிதத்தைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, இன்றுவரையிலும் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மகளும் பேசவில்லை. மூன்று மாதம் என் வீட்டில் இருந்தாள். டாக்டர்களிடம் போனோம், எண்ணெய் தேய்த்தோம், குழந்தையின் கையைத் தூக்கித் தூக்கி மடக்கினோம். தோள் மட்டம் வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. அந்த மூன்று மாதத்தில் மகள் என்னிடம் எதையும் கேட்கவில்லை என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன். முன்பெல்லாம் தலைவலிக்கு என்ன போடலாம், குழம்புக்குப் புளி போதுமா என்று எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்பவள். இப்போது அவளே செய்துகொண்டாள். அதன்பின் சிதம்பரம் போய் மாமியாரோடு தங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகும் அந்த ஊர் ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. எத்தனை முறை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். முதல் மாற்றம் வரப்போவது அமெரிக்கத் தூதருக்கு முன்பே தெரியும், தடுக்க மாட்டோம் என்று தளபதிகளுக்குத் தெரிவித்திருந்தார்கள் என்று பின்னால் பத்திரிகைகளில் படித்தேன். ஒரு கெட்ட அதிபரை எடுத்துவிட்டால் சண்டை ஒழுங்காக நடக்கும் என்று எண்ணியிருக்கிறார்கள். எடுத்த பிறகு எதுவும் நிற்கவில்லை. கடைசியில் அவர்களுடைய சிப்பாய்களே லட்சக்கணக்கில் போய் இறங்க வேண்டியதாயிற்று. அவர்களுடைய தாய்மார்களும் எங்கோ தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதை முடிவு செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர்களிடம் படங்கள் இருந்தன, வரைபடம் இருந்தது, தங்கள்மேல் நம்பிக்கை இருந்தது. என்னிடமும் அவை இருந்தன.

சென்ற ஆண்டு, மறுபடி ஒரு தையில், சைகோன் தெருக்களிலேயே சண்டை நடந்தது. கடைத் தெரு பாதி எரிந்தது. மாப்பிள்ளை சித்திரையில் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். இப்போது அண்ணன் கடையில் உட்காருகிறார். சூப்புக் கடை அம்மாளைப் பற்றிக் கேட்டேன். சண்டையின் இரண்டாம் நாளுக்குப் பிறகு கதவு திறக்கவில்லை என்றார்.

இந்த ஜூனில், சிதம்பரத்துப் பள்ளி திருப்பி அனுப்பிய மறுநாள், மகள் குழந்தையோடு காலைப் பஸ்ஸில் வந்தாள். வீட்டுக்கு வரவில்லை, நேராகப் பள்ளிக்கு வந்தாள். சேர்க்கை நாள் என்பதால் என் அறைக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவள் முந்திக்கொண்டு உள்ளே வராமல் கடைசியில் நின்றாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தும், கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை.

ஒவ்வொரு குழந்தையாகக் காதைத் தொட்டது. பேத்தி அதையெல்லாம் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முறை வந்தது. நான் எதுவும் சொல்வதற்கு முன், அவள் இடது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் வலது காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர்களுக்குப் பின்னால் அப்போதுதான் வந்து நின்ற மீன்காரப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், பீச்சாங்கையில தொட்டா செல்லுமா?"

"செல்லும்" என்றேன்.

"அப்ப எம் பையனையும் அப்பிடியே தொடச் சொல்றேன். சோத்துக்கையில மாங்கா வச்சிருக்கான், குடுக்க மாட்டேங்குறான்."

மகள் சிரித்தாள். ஐந்து வருஷத்தில் என் முன்னால் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நான் பேத்தியிடம், "ஒனக்கு இந்த ஸ்கூலுக்கு வர இஷ்டமா?" என்று கேட்டேன். இருபது வருஷத்தில் எந்தக் குழந்தையிடமும் இப்படிக் கேட்டதில்லை.

"பாலு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"சக்கர போட்டா?"

"போடாம."

யோசித்தாள். "பரவால்ல" என்றாள்.

"திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் ஒன்கிட்ட இருக்கட்டும்மா" என்றாள் மகள். "வெள்ளிக்கெழம சாயந்திரம் அப்பா பஸ் ஏத்தி விடட்டும். அங்க இவ அப்பா வந்து எறக்கிப்பாங்க. அத்தைகிட்ட கேட்டுட்டேன்." என்னிடம் கேட்பது போல இல்லை, முடிவு செய்துவிட்டுச் சொல்வது போல இருந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பதிவேட்டைத் திறந்து, பிறந்த தேதி என்ற கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு, "என்ன தேதின்னு போடட்டும்?" என்று கேட்டேன். தந்தி என் பெட்டியில் இருக்கிறது, தேதி எனக்கு மனப்பாடம். அவள் சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டு எழுதினேன்.

இப்போது ஐப்பசி. நேற்று வியாழக்கிழமை. காலையில் கணவர், "மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். மறுநாள் குழந்தையைச் சிதம்பரம் அனுப்ப வேண்டும். வழியில் வெள்ளாறு இருக்கிறது, பாலத்தில் காற்று அடிக்கும். அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. எனக்கு அதற்கான வாக்கியங்கள்கூடத் தயாராக இருந்தன. பள்ளிக்குப் போகும் வழியில் சிதம்பரம் போகும் பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டரிடம் ஒரு சீட்டுக் கொடுத்து, பாத்திரக் கடையில் சேர்க்கச் சொன்னேன். கூண்டு மூன்று, நாளை அனுப்பவா வேண்டாமா, நீ சொல் என்று மகளுக்கு எழுதியிருந்தேன். அவள் பெயரைப் போட்டு, அவளுக்கே.

மாலை அதே பஸ் திரும்பி வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே சீட்டை நீட்டினார். என் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதியிருந்தாள்: அனுப்பும்மா, ஸ்வெட்டர் போட்டு அனுப்பு.

இன்று சாயந்திரம் அனுப்பினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பேத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையை ஆட்டினாள். கணவர், பஸ் போய்விட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறேன் என்றேன். குழந்தை சேர்ந்த செய்தி நாளைக் காலை முதல் பஸ்ஸில்தான் வரும்.